தக்காளிக் காட்டுக்குச் சணப்பை விதை வாங்கலாமா? இரண்டு வருடம் போட்டுப் பார்த்த அனுபவம்

சணப்பை என்பது வளர்த்துப் பச்சையாகவே மடக்கி உழுது மண்ணுக்கு உரமாக்குகிற பசுந்தாள் பயிர், வேரைத் தாக்கும் நூற்புழுவைக் குறைக்கவும் போடுவார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் எந்தப் பூச்சிக்காக வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் பணமும் போய் இரண்டரை மாதமும் போய்விடும். எனக்கு ஒரு வருடம் அப்படித்தான் போனது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். செம்மண் பூமி, ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம், சொட்டுநீர் போட்டிருக்கிறோம். மார்க்கெட் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே எல்லோரும் காய்கறிதான், அதிலும் தக்காளி, கத்தரி, மிளகாய், மறுபடியும் தக்காளி என்று ஒரே குடும்பத்துப் பயிரையே மாற்றி மாற்றி வைப்போம். 2022-ல் ஆடிப் பட்டத்துத் தக்காளி நாற்பது நாளில் ஒரு மாதிரி ஆனது. மத்தியானம் வாடும், சாயங்காலம் நிமிரும். தண்ணீர் பற்றவில்லை என்று மோட்டாரை அதிக நேரம் ஓட்டினேன். அப்புறம் இலை மஞ்சளானது, பூ கொட்டியது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு, இஞ்சித் துண்டுகளைக் கோத்து வைத்த மாதிரி. வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு, வேருக்குள்ளேயே குடியிருந்து சாற்றை உறிஞ்சும், ஒரு பெண் புழு சில நூறு முட்டை இடும், நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். தக்காளிக்குப் பிறகு கத்தரி வைப்பது என்றால் அதற்கு வீட்டு வாசலில் இலை போட்டுச் சாப்பாடு வைக்கிற மாதிரி.

முன்பெல்லாம் இதற்குக் குருணை மருந்துதான். நடும்போது குழிக்குக் குழி தூவுவார்கள். ஃபோரேட் குருணை 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாடு முழுக்கத் தடை. நல்லதுதான் என்று நினைக்கிறேன், கையுறை கூட இல்லாமல் அதை அள்ளித் தூவிய கைகளை நான் பார்த்திருக்கிறேன். இப்போது கிடைக்கிற புது நூற்புழு மருந்துகள் விலை அதிகம், சிறு விவசாயிக்குக் கட்டாது. அதனால்தான் விதைப் பக்கம் வந்தேன்.

2023 சித்திரையில் ஒரு விதைக்கடையில் போய்ச் சணப்பை கேட்டேன். கடைக்காரர், 'சணப்பை இல்லைங்க தம்பி, தக்கைப்பூண்டு இருக்கு, ரெண்டும் பசுந்தாளுதான், மடக்கி உழுதா எல்லாம் ஒண்ணுதான்' என்றார். நானும் நம்பி வாங்கி வந்தேன். தக்கைப்பூண்டு நன்றாகவே வளர்ந்தது, மண்ணும் பொலபொலவென்று ஆனது. ஆனால் அடுத்து வைத்த தக்காளியில் முடிச்சு கொஞ்சமும் குறையவில்லை. மடக்கி உழுவதற்கு முன்பே சில செடிகளைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், தக்கைப்பூண்டின் வேரிலும் அந்தப் புழு முடிச்சுப் போடும் என்று. அதாவது இரண்டு மாதம் நானே புழுவுக்குத் தீனி போட்டு வளர்த்திருக்கிறேன். பசுந்தாள் உரம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், நூற்புழுவுக்கு என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு. தக்கைப்பூண்டைக் குறை சொல்லவில்லை, தண்ணீர் தேங்குகிற நெல் வயலுக்கும் உவர் மண்ணுக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சணப்பை தண்ணீர் தேங்கினால் தாங்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கடைக்காரர் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். பயறு வகைச் செடிகளின் வேரில் நல்ல முடிச்சும் இருக்கும், தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் பாக்டீரியா முடிச்சு. அதையும் நூற்புழு முடிச்சையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல முடிச்சு வேரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, தேய்த்தால் உதிராது, பிய்த்தால் வேரும் சேர்ந்து பிய்யும்.

2024-ல் வேறு கடையில் சொல்லி வைத்து அசல் சணப்பை வாங்கினேன். கிலோ 130 ரூபாய், 30 கிலோ, மொத்தம் 3,900. மூட்டையைப் பிரித்ததும் ஒரு கை அள்ளிப் பாருங்கள். சணப்பை விதை கொஞ்சம் பெரியது, தட்டையாகச் சிறுநீரக வடிவில், கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். தக்கைப்பூண்டு விதை பொடியாக, உருண்டு நீண்டு, பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். என் மூட்டையிலும் கொஞ்சம் தக்கைப்பூண்டு கலந்திருந்தது, கூடவே தூசியும் உடைந்த விதையும். ஈரத்துணியில் 100 விதை போட்டுப் பார்த்ததில் 81 முளைத்தது. பரவாயில்லை, ஆனால் இந்த விலைக்கு இன்னும் சுத்தமாகக் கொடுத்திருக்கலாம். நான் குறைத்த ஒரு மதிப்பெண்ணில் பாதி இதற்காகத்தான்.

பசுந்தாள் உரத்துக்கு என்றால் ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ போதும் என்பார்கள். நான் 20 கிலோ வீதம் வேண்டுமென்றே நெருக்கமாக விதைத்தேன். காரணம் களை. நூற்புழு சணப்பையில் பெருகாது, சரி, ஆனால் நடுவே மணத்தக்காளியும் மற்ற களையும் முளைத்து நின்றால் அந்த வேர்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். சணப்பை அடர்த்தியாக எழுந்து நிழல் கட்டினால்தான் களை அடங்கும். எங்கள் தோட்டத்தில் பார்த்தீனியம் நன்றாகவே அடங்கியது, கோரை மட்டும் அடங்கவில்லை. கோரைக்கு எதுவுமே அடங்காது, அது தனிக் கதை.

இது எப்படி வேலை செய்கிறது என்று நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். நூற்புழுவின் குஞ்சு சணப்பை வேருக்குள் நுழைந்தாலும் அங்கே வளர்ந்து முட்டையிடும் நிலைக்கு வருவது கஷ்டம். நம்பி வந்த வீட்டில் சோறு இல்லாத மாதிரி. சணப்பையில் ஒரு வகை நச்சுப்பொருள் இருக்கிறது, அது நூற்புழுவுக்கு ஆகாது என்கிறார்கள். செடியை மடக்கி உழுத பிறகு அது மட்கும்போது மண்ணில் நூற்புழுவைப் பிடித்துத் தின்கிற பூஞ்சைகளும் மற்ற நல்ல உயிர்களும் பெருகும். ஆக நிற்கும்போது ஒரு வேலை, மட்கும்போது ஒரு வேலை. நம்ம நாட்டுச் செடியான இதை ஹவாய் தீவுகளில் 1980-களிலேயே 'டிராபிக் சன்' என்று ஒரு ரகமாக வெளியிட்டு, காய்கறி வயல்களுக்கு மூடுபயிராகப் போட்டு ஆராய்ச்சி செய்து வந்திருக்கிறார்கள். இங்கே நம் தாத்தாக்கள் கயிறு திரிக்கவும் வயலுக்கு உரமாகவும் வளர்த்த செடி, இன்றைக்குக் கடையில் கேட்டால் 'இல்லை தம்பி' என்கிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சித்திரை 5-ஆம் தேதி வாக்கில் கோடை மழை ஈரத்தில் விதைத்தேன். மூன்றாம் நாளே முளைப்பு தெரிந்தது. மழை நின்றபோது இரண்டு முறை மட்டும் தண்ணீர் விட்டேன். நாற்பதாம் நாள் என் இடுப்பைத் தாண்டியது, ஐம்பதில் தலை உயரம். சித்திரை, வைகாசியில் போடுவதில் ஒரு லாபம் இருக்கிறது, பகல் நீளமாக இருக்கும்போது செடி பூக்காமல் உயரமாக வளர்ந்துகொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் போட்டால் சீக்கிரமே பூத்துவிடும், தழை கம்மிதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஐப்பசியில் போட்டு 'முழங்காலுக்கு மேல வரலைங்க' என்று விதையைத் திட்டினார். தப்பு விதையில் இல்லை, பட்டத்தில்.

இப்போது எனக்குப் பெரிய தொல்லை கொடுத்த விஷயம், மடக்கி உழுவது. பூ எடுக்கத் தொடங்கும்போதே உழுதுவிட வேண்டும், 45 முதல் 60 நாளுக்குள். நான் ரோட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டும் சுழல் கலப்பை) வாடகை வண்டிக்காகக் காத்திருந்து 62-ஆம் நாள்தான் உழுதேன். சணப்பை நார்ப்பயிர் என்பதை மறந்துவிடக் கூடாது. தண்டு முற்றிப்போய், நார் ரோட்டவேட்டர் அச்சில் சுற்றிச் சுற்றி இறுகிவிட்டது. அரை மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி அரிவாளால் நாரை அறுத்து எடுத்தோம். டிரைவர் தம்பி, 'அண்ணா, அடுத்த தடவ முன்னாடியே கூப்பிடுங்க, இல்லாட்டி நான் வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்று மணி நேர வேலை ஐந்து மணி நேரம் ஆனது, அந்த வாடகை முழுக்க என் தலையில். 2025-ல் 50-ஆம் நாளே உழுதேன், முதலில் பலகை போட்டுச் செடியைச் சாய்த்துவிட்டு, சாய்ந்த பக்கத்திலிருந்தே ரோட்டவேட்டர் ஓட்டினோம், பிரச்சினையே இல்லை.

உழுத பிறகு மூன்று வாரம் காத்திருங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பச்சைத் தழை மட்கிக்கொண்டிருக்கும்போதே நாற்று நட்டால் நாற்றழுகல் வரும், வெட்டுப்புழு வரும். 2024-ல் ஒரு மூலையில் மட்டும் அவசரப்பட்டு எட்டாம் நாள் நட்டேன், அந்த மூலையில் ஐந்தில் ஒரு நாற்று தரையோடு சாய்ந்தது. மற்ற இடத்தில் 21-ஆம் நாள் நட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

சரி, பலன்? 2022-ல் பத்துச் செடி பிடுங்கினால் எட்டில் முடிச்சு இருந்தது. 2024 ஆனிக் கடைசியில் நட்ட தக்காளியை அறுபதாம் நாள் பல இடத்தில் பிடுங்கிப் பார்த்ததில் பத்துக்கு மூன்றில்தான் முடிச்சு, அதுவும் சின்னச் சின்னதாக. செடி மத்தியானம் வாடவில்லை. காய் பறிப்பு இரண்டு வாரம் கூடுதலாக நீடித்தது, அடியுரம் பாதிதான் போட்டேன். என் ஒன்றரை ஏக்கரில் நான் கண்ணால் பார்த்த கணக்கு இது, உங்கள் மண்ணில் கூடும் குறையும். ஒன்று மட்டும் உறுதி, இது ஒரு தடவை போட்டு மறந்துவிடுகிற மருந்து இல்லை. தக்காளியோ கத்தரியோ ஒரு போகம் வைத்தாலே புழு திரும்பப் பெருகத் தொடங்கிவிடும். அந்த வருடம் தக்காளி முடிந்த தையில் மறுபடி பார்த்தபோது முடிச்சு ஏறியிருந்தது. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை போட்டே ஆக வேண்டும்.

வரப்போரமாக நான்கடி அகலத்துக்குச் சணப்பையை உழாமல் விட்டுப் பார்த்தேன். மஞ்சள் பூ நிறைய வந்தது, கருகருவென்று பெரிய தச்சுத் தேனீக்கள் காலையிலேயே வந்து ரீங்காரம் போடும், குளவிகள் வந்தன, பொறிவண்டு வந்தது. என் அம்மா அந்த ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். சிவப்பும் கறுப்புமாய்ப் புள்ளி வைத்த வெள்ளை அந்துப்பூச்சியும் வந்தது, அதன் புழு சணப்பைக் காயைத் தின்றதே தவிரத் தக்காளிக்கு வரவில்லை. ஆனால் காய் முற்றத் தொடங்கியதும் பச்சை நாற்றப்பூச்சி கூட்டமாக வந்து உட்கார்ந்தது, அது தக்காளியையும் குத்தும். உடனே அந்த வரிசையை அறுத்து, பூச்சியோடு சாக்கில் திணித்து எடுத்துவிட்டேன். பூவுக்காக விடுங்கள், காய்க்கு விடாதீர்கள். காயும் விதையும் பிடித்த செடியை மாட்டுக்கும் போட வேண்டாம், அந்த நச்சு அதில்தான் அதிகம்.

இனி இந்த விதை செய்யாத வேலைகள். 2014 வாக்கில் நம் நாட்டுக்குள் வந்த ஊசிப்புழு, தக்காளி இலையைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதமாக்குமே, அதற்குச் சணப்பை ஒன்றும் செய்யவில்லை, பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறிதான் வைத்தேன். இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கு வரப்பைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் நெருக்கமாகப் போட்டேன், ஓரளவு தடுத்தது. காய்ப்புழுவுக்குச் செண்டுமல்லி. இதைப் பற்றி ஊரில் பாதித் தகவல்தான் சுற்றுகிறது. 'நாலு செண்டுமல்லிய ஓரத்துல வை, நூற்புழு போயிடும்' என்கிறார்கள். போகாது. அதன் வேரிலிருந்து வரும் பொருள் நூற்புழுவைக் கொல்வது உண்மைதான், ஆனால் அந்த வேர் எட்டுகிற மண்ணில் மட்டும்தான், அதனால் நிலம் முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லியே நிற்க வேண்டும். காய்ப்புழுவுக்கு என்றால் கதை வேறு. அங்கே அது பொறிப்பயிர். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான செண்டுமல்லி, அதுவும் 45 நாள் வயது நாற்று, தக்காளி 25 நாள் நாற்று, இரண்டையும் ஒரே நாளில் நடணும். பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பல வருடமாகச் சொல்லும் முறை இது. நாற்றின் வயதில் இருபது நாள் வித்தியாசம் எதற்கு என்றால், தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியிலும் மொட்டு இருக்க வேண்டும், தாய் அந்துப்பூச்சி அந்த மொட்டைத் தேடிப் போய் முட்டை வைக்கும். அந்த வரிசையை மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு தரம் பார்த்துப் புழுவைப் பொறுக்கினால் போதும். பொறுக்காமல் விட்டால் அதுவே புழுப் பண்ணையாகிவிடும். பூவையும் நிலக்கோட்டை சந்தைக்குக் கொடுத்தோம், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் விலை நன்றாகவே போனது.

முட்டைக்கோஸ் வைப்பவர்களுக்குச் சணப்பையைவிடக் கடுகு முக்கியம். வைரமுதுகு அந்துப்பூச்சி முட்டைக்கோஸை விட்டுவிட்டுக் கடுகில் முட்டை வைக்கும், 25 வரிசை முட்டைக்கோஸுக்கு இரு பக்கமும் கடுகு, ஒரு வரிசை நடவுக்கு 15 நாள் முன்பே, இன்னொரு வரிசை நட்டு 25 நாள் கழித்து. எங்கள் பக்கம் நான் முட்டைக்கோஸ் வைத்ததில்லை, மலைக்காட்டுச் சொந்தக்காரர் வீட்டில் பார்த்ததுதான்.

சிலர் பலதானிய விதைப்பு மூட்டை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன முறை, தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், வாசனைப் பயிர் எல்லாம் கலந்து விதைத்து மடக்கி உழுவது. செத்த மண்ணை எழுப்புவதற்கு அதற்கு ஈடு கிடையாது, என் பங்காளி ஒருவர் அதில்தான் தரிசு நிலத்தைத் திருப்பினார். ஆனால் நூற்புழு ஏறிய நிலத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த மூட்டையில் தட்டைப்பயறும் பாசிப்பயறும் இருக்கும், பெரும்பாலான தட்டைப்பயறு ரகங்களில் வேர்முடிச்சு நூற்புழு நன்றாகவே வளரும். தட்டைப்பயற்றை வரப்பில் வையுங்கள், அதில் வரும் அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சியைத் தின்ன பொறிவண்டு வரும், அந்தப் பொறிவண்டு அப்படியே காய்கறிக்கும் இறங்கும். வரப்பில் நண்பன், வயலுக்குள் பகை.

செலவைப் பார்த்தால் விதை 3,900, இரண்டு உழவு, ரோட்டவேட்டர் எல்லாம் சேர்த்து ஒன்றரை ஏக்கருக்குப் பத்தாயிரத்தைத் தொட்டது. பணத்தைவிடப் பெரிய விலை நாள்தான். ஐம்பது நாள் நிற்க, மூன்று வாரம் மட்க, ஆக எழுபது நாளுக்கு மேல் நிலத்தில் வருமானம் இல்லை. சொந்த நிலக்காரனுக்கு அது பரவாயில்லை. குத்தகைக்காரர்களுக்கு இது உண்மையிலேயே கஷ்டம், வருடக் குத்தகையில் எழுபது நாளைச் சும்மா விடு என்று யாரிடமும் வாய் கூசாமல் சொல்ல முடியாது. அவர்கள் நிலத்தைப் பாதியாகப் பிரித்து ஒரு வருடம் ஒரு பாதி, அடுத்த வருடம் மறுபாதி என்று போடலாம், என் மச்சான் அப்படித்தான் செய்கிறார்.

வாங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். தோட்டத்தில் பத்து இடத்தில் அரையடி ஆழ மண் எடுத்துக் கலந்து நாலு தொட்டியில் நிரப்பி வெள்ளரி விதை போடுங்கள். ஐந்து வாரம் கழித்துச் செடியைப் பிடுங்கி, இழுக்காமல் தண்ணீரில் அலசி வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் சணப்பைக்குச் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் உங்கள் தக்காளி வாடுவதற்குக் காரணம் வேறு, இந்த விதைக்குச் செலவு செய்ய வேண்டாம். என் தொட்டி வெள்ளரியில் இந்த மாசியிலும் கொஞ்சம் முடிச்சு இருந்தது, அதனால் வருகிற சித்திரைக்கும் 30 கிலோ சொல்லிவிட்டேன், சலித்துச் சுத்தம் செய்து கொடுத்தால்தான் எடுப்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.